கரன்ட் இல்லாம ஓடுற ஃபேன்... ஜி.டி.நாயுடு ஏன் அதைச் செய்தார்?

போன சித்திரையில தாயில்பட்டியில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வெம்பக்கோட்டைப் பக்கத்து வெயிலைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்ல. தெரியாதவங்க, தோசைக்கல்லு மேல கூரை போட்டு உள்ள உட்கார்ந்த மாதிரி நினைச்சுக்கங்க.

சித்தி மகன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். உத்தரத்துல வட்டமா ஒரு லைட். ரிமோட்டை அமுக்கினதும் உள்ள மடங்கிக் கிடந்த பிளேடுகள் பூ விரியுற மாதிரி வெளிய வந்து சுத்த ஆரம்பிச்சது. நிறுத்தினா திரும்ப உள்ள போயிடுது. ஹாலுக்கு இதைத்தான் வாங்கப் போறேன்னு அவனுக்கு ஒரே குஷி. சித்தி அதை முழுசாப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. கரன்ட் இல்லாம ஓடுமா?

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கு. சித்தி வேலைபார்க்குறது பட்டாசு ஆபீஸ்ல. எங்க ஊர்ப் பக்கம் ஃபேக்டரிக்கு ஆபீஸ்னுதான் பேரு. மருந்து செலுத்துற ரூம்ல ஃபேன் கிடையாது. லைட் கிடையாது. கரன்ட் லைனே கிடையாது. சுவிட்ச்ல ஒரு சின்னப் பொறி பறந்தா போதும், மிச்சம் பேச ஆள் இருக்காது. அதனால பகல் வெளிச்சத்துல, கதவு ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல போகாம வேலை நடக்கணும். பாதுகாப்புக்காக வந்த விதி, அதுல தப்பே இல்ல. ஆனா விதி வேர்வையைத் துடைக்காதே!

கரன்ட் இல்லாத இடத்துக்கு ஒரு ஃபேன்... இந்த யோசனை தமிழ்நாட்டுல ஒருத்தருக்கு ரொம்ப முன்னாடியே வந்திருக்கு. செஞ்சும் காட்டியிருக்கார். ஆனா, ஜி.டி.நாயுடுவைப் பத்திப் பேசுறப்போ எல்லாரும் பஸ்ஸையும் ரேசரையும் சொல்வாங்க. அவரோட மண்ணெண்ணெய் ஃபேன் பட்டியல்ல கடைசி வரியா வந்துட்டுப் போயிடும். எனக்கு அந்தக் கடைசி வரியில இருந்துதான் அவர் வாழ்க்கையைப் பார்க்கத் தோணுது.

300 ரூபாய் மோட்டார் சைக்கிள்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23-ம் தேதி, கோயம்புத்தூர் பக்கத்துல இருக்குற கலங்கல் கிராமத்துல. விவசாயக் குடும்பம். அம்மா சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரல. படிப்பைப் பாதியிலேயே விட்டவர்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்குறார். மாடு இல்ல, குதிரை இல்ல, தானா ஓடுது! பார்த்தவங்க எல்லாருமே வாயைப் பிளந்திருப்பாங்க. இவருக்கு மட்டும் அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாகணும். கோயம்புத்தூர் வந்து ஒரு ஹோட்டல்ல சர்வரா சேர்ந்து வருஷக்கணக்கா காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கினதும் அவர் செஞ்ச முதல் வேலை ஊரைச் சுத்துறது இல்ல. வண்டியைப் பாகம் பாகமா கழட்டிப் போட்டுட்டார். அப்புறம் திரும்ப மாட்டினார். அவர் படிச்ச இன்ஜினீயரிங் காலேஜ் அந்த வண்டிதான்.

நடுவுல மெக்கானிக் வேலை, பருத்தி வியாபாரம், லாபம், பெரிய நஷ்டம் எல்லாம் உண்டு. 1920-ல் கோவையில் பெரிய தொழிலதிபரா இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. டிரைவரும் அவரேதான். அந்த ஒத்த பஸ் சில வருஷங்கள்ல யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்னு வளர்ந்து நிக்குது. யு.எம்.எஸ்-னு சொன்னா கொங்குப் பக்கத்துப் பெரியவங்களுக்கு இன்னைக்கும் தெரியும். நேரம் தவறாத பஸ்ஸுனு பேரு எடுத்த கம்பெனி அது.

பஸ் கதையை நான் இங்கயே நிறுத்திக்கிறேன். ஏற்கெனவே நிறைய பேர் எழுதியாச்சு. ஃபேன் பக்கம் வருவோம். அதுக்கு முதல்ல மோட்டார் வேணும்.

பைக்காரா தண்ணியும் பீளமேடு மோட்டாரும்

1932-ல் நீலகிரி மலையில இருக்குற பைக்காராவில் நீர்மின் நிலையம் வேலைசெய்ய ஆரம்பிச்சது. அந்தக் கரன்ட் கோயம்புத்தூருக்கு வந்தது. மில்லுகள் பெருகுச்சு. கிணத்துல கமலை போட்டு இறைச்சுக்கிட்டிருந்த விவசாயிக்கு, மோட்டார் பம்ப்னு ஒரு ஆசை வந்தது. ஆனா மோட்டார் எங்கிருந்து வரும்? கப்பல்ல வெளிநாட்டுல இருந்து வரணும். ரிப்பேர்னா அதோட கதை முடிஞ்சது.

1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் ஒரு மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. அதைச் செய்ததில் பெரிய பங்கு டி.பாலசுந்தரம் நாயுடுவுக்கு உண்டு. பின்னாடி டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினவர் அவர்தான். கோயம்புத்தூர்னாலே மோட்டாரும் பம்ப்பும்னு ஆனதுக்குப் பிள்ளையார் சுழி அங்கதான் விழுந்தது.

அதே காலத்துல எங்க சிவகாசிப் பக்கம் வேற ஒரு கதை. பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தா போய்ட்டு வந்து 1923-ல் தொழில் தொடங்கினாங்க. முதல்ல மெஷினை வச்சுத்தான் ஆரம்பம். கொஞ்ச நாள்லயே கைவேலைக்கு மாறிட்டாங்க. மழை குறைஞ்ச பூமி, வேலை தேடுற கைகள் ஏராளம். கோயம்புத்தூர் மெஷினைச் செய்ய ஆரம்பிச்ச அதே காலத்துல சிவகாசி மெஷினை ஓரங்கட்டினது. ரெண்டு ஊரும் ஜெயிச்சது. ஆனா தாயில்பட்டி சித்தியோட ரூம்ல இன்னைக்கும் மோட்டார் சத்தம் கேட்காததுக்கான வேர், நெருப்புல மட்டும் இல்ல, இந்தக் கணக்குலயும் இருக்கு.

உள்ளங்கைக்குள்ள ஒரு மோட்டார்

நாயுடுவோட மூளை எப்படி வேலை செஞ்சதுன்னு புரியணும்னா அவரோட ரேசன்ட் ரேசரைப் பார்க்கணும். டிரை செல்லுல ஓடுற குட்டி மோட்டார் வச்ச ஷேவிங் கருவி. சுவத்துல பிளக் பாயின்ட் தேட வேண்டாம். யோசிச்சுப் பாருங்க... 1930-கள்ல நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல பிளக் பாயின்ட் இருந்திருக்கும்? கரன்ட் வந்ததுக்கு அப்புறம் வாங்கிக்கோன்னு அவர் சொல்லல. கரன்ட்டை டப்பாவுல அடைச்சுக் கையில குடுத்துட்டார்.

அதோட சேர்ந்து, ரொம்ப மெல்லிசான ஷேவிங் பிளேடும் செய்தார். பிளேடு மெலிய மெலிய இரும்பு குறையும், விலை குறையும். ஆனா மெலிஞ்சா வளையும், உடையும். எவ்வளவு குறைச்சாலும் வேலை கெடாம இருக்கணும். அவரோட பாதி கண்டுபிடிப்புகள்ல இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: இதுல இருந்து இன்னும் எதை எடுத்துடலாம்? 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும்னு அறிவிச்சார். எல்லாம் ஒரே ரகம்.

இப்போ அந்த ஃபேன்.

ஊருக்குள்ள மின்கம்பமே வராத காலம். ஆனா மண்ணெண்ணெய் எல்லா வீட்டுலயும் இருந்தது. விளக்கு எரியுற சூட்டுலயே காத்தாடி சுத்தினா? சிரிப்பா இருக்கும், ஆனா இதுக்குப் பின்னாடி உண்மையான அறிவியல் இருக்கு. 1816-ல் ராபர்ட் ஸ்டிர்லிங்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் சூடான காத்துல ஓடுற இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து மண்ணெண்ணெய் ஃபேன்கள் பொதுவா அந்த வழியிலதான் ஓடுச்சு. மூடின ஒரு உருளை, அதுக்குள்ள காத்து. கீழே விளக்கை ஏத்தினா காத்து விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளும். மேல் பக்கம் போய்க் குளிர்ந்தா சுருங்கி பிஸ்டனைத் திரும்ப இழுக்கும். இந்தப் போக்குவரத்தை ஒரு சக்கரம் சுழற்சியா மாத்தும். சக்கரத்துல பிளேடை மாட்டினா காத்து வரும். வெடிச் சத்தம் இல்ல, நீராவி இல்ல.

ஆனா இதுல ஒரு சிக்கல். விளக்குச் சூட்டுல கிடைக்கிற சக்தி ரொம்பக் கம்மி. சில வாட் அளவுதான். இன்னைக்கு நம்ம வீட்டுல ஓடுற சாதாரண சீலிங் ஃபேன் 70, 80 வாட் இழுக்குது. பத்துல ஒரு பங்கைக்கூட வச்சுக்காம காத்தைத் தள்ளணும்னா, பிளேடைப் பத்தி ரொம்ப யோசிக்கணும்.

பிளேடுக்குள்ள இருக்குற கணக்கு

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு போவோம். ஏன்னா ஃபேன் பிளேடை நாம யாரும் தலை தூக்கிப் பார்க்குறதில்ல, தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறப்போ தவிர.

வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேன், நிமிஷத்துக்கு 350 சுற்று ஓடுதுன்னு வைங்க. பிளேடோட நுனி மணிக்கு கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டிருக்கு. உங்க தலைக்கு மேல, ராத்திரி முழுக்க! அந்த வேகத்தை இரட்டிப்பாக்கணும்னா இரண்டு மடங்கு சக்தி குடுத்தா பத்தாது, எட்டு மடங்கு வேணும். இதைத் திருப்பிப் போட்டா நல்ல சேதி: வேகத்தைப் பாதியாக்கினா சக்தி எட்டுல ஒரு பங்கு போதும். அதனால கொஞ்சம் சக்திதான் இருக்குன்னா, பிளேடை அகலமா, நீளமா, சரியான சாய்மானத்தோட வச்சு மெதுவா சுத்த விடணும். எங்க பனை ஓலை விசிறி செய்றதும் அதையேதான். அகலமான ஓலை, மெதுவான கை.

எடையும் முக்கியம். கனமான பிளேடு ஒருதடவை வேகம் பிடிச்சுட்டா ஓடிரும். ஆனா கிளம்பவைக்கிறதுக்கும், பேரிங் தேயாம தாங்குறதுக்கும் கூடுதல் செலவு. அதைவிடப் பெரிய தலைவலி, பிளேடுகளுக்குள்ள எடை வித்தியாசம். ஒரு பிளேடு கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் ஃபேன் தலையாட்ட ஆரம்பிச்சுடும். பிளேடுகளை எடை பார்த்து ஜோடி சேர்த்து ஒரே டப்பாவுல அனுப்புறது அதுக்குத்தான். ரெண்டு ஃபேனோட பிளேடுகளை மாத்தி மாட்டிட்டு ஃபேன் ஆடுதேன்னு புலம்புறவங்க, இப்போ காரணத்தைத் தெரிஞ்சுக்கங்க.

மடங்குற பிளேடு இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குது. ஒவ்வொரு பிளேடுக்கும் கீல் வேணும், திரும்ப உள்ள இழுக்க ஸ்பிரிங் வேணும். சுத்துற வேகத்துல வெளிப்பக்கம் தள்ளுற விசைதான் பிளேடை விரிக்குது. நின்னதும் ஸ்பிரிங் இழுத்துக்குது. இந்த வித்தை நடக்கணும்னா பிளேடு லேசான பிளாஸ்டிக்கா இருக்கணும். வட்ட லைட்டுக்குள்ள அடங்கணும்னா பிறை மாதிரி வளைஞ்சு, குட்டையா இருக்கணும். குட்டையானா காத்து குறையும். அழகுக்காகக் காத்தைக் கொஞ்சம் விட்டுக்குடுக்குறோம், அவ்வளவுதான் விஷயம். சித்தி மகன்கிட்ட இதைச் சொன்னேன். அவனுக்கு லைட் கலர் மாறுறதுதான் பெருசா தெரிஞ்சது.

சரி, நாயுடுவோட மண்ணெண்ணெய் ஃபேன் ஏன் வீட்டுக்கு வீடு வரல? ஒரு காரணம் நம்ம மூக்குக்கே தெரியும். காத்து வாங்குறதுக்காகப் பக்கத்துல ஒரு விளக்கை எரிய விட்டா சூடு, புகை, வாடை. இன்னொண்ணு, கம்பம் நட்டு ஊர் ஊரா கரன்ட் வர ஆரம்பிச்சதும் அந்தத் தேவையே கரைஞ்சு போச்சு. ஆனா ஃபேனைவிட நல்ல பொருள்களும் அவர்கிட்ட இருந்து வீட்டுக்கு வந்து சேரல. அங்கதான் கதை கனமாகுது.

அனுமதின்னு ஒரு சொல்

1952-ல் இரண்டு பேர் போற பெட்ரோல் கார் ஒண்ணை வெளிய கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய். திரும்பப் படிங்க, 2,000 ரூபாய் கார். அரசாங்கம் உரிமம் தரல. உற்பத்தி நின்னுபோச்சு. 70 ரூபாய் ரேடியோவும் வீட்டு வீட்டுக்குப் போகல. ஓட்டுப் போட, முறைகேடு செய்ய முடியாத ஒரு பதிவுக் கருவி அமைச்சிருந்தார். நாம பட்டனை அமுக்கி ஓட்டுப் போடுறதுக்குப் பல வருஷம் முன்னாடி! பழச்சாறு பிழியுற கருவி, கேமராவுக்குத் தூரம் சரிபண்ற கருவி... பட்டியல் நீளமா இருக்கு. அதுல எத்தனை நம்ம பாட்டி வீட்டு அலமாரியில இருந்ததுன்னு எண்ணிப் பார்த்தா, விரல் மடக்க வேலை இருக்காது.

எல்லாப் பழியையும் அரசாங்கத்து மேல போட்டுட முடியுமான்னா, எனக்கு அப்படித் தோணல. உரிம ராஜ்யம் அவரைக் கட்டிப் போட்டது நிஜம். ஆனா நாயுடுவுக்கும் பொறுமை கிடையாது. ஒரு பொருளை செஞ்சு காட்டினதும் அவர் மனசு அடுத்ததுக்குத் தாவிடும். பருத்தி, சோளம், பப்பாளின்னு விவசாய ஆராய்ச்சிக்குப் போய்ட்டார். அவர் தோட்டத்தைப் பார்க்க சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்துட்டுப் போனாங்க. நடுவுல 1936-ல் லண்டன்ல மன்னர் ஐந்தாம் ஜார்ஜோட இறுதி ஊர்வலத்தை கேமராவுல படம் பிடிச்சார். தேர்தல்ல நின்னு தோத்தார். காலையில அஸ்திவாரம் போட்டு எட்டு மணி நேரத்துல ஒரு வீட்டைக் கட்டி முடிச்சுக் காட்டினார். இப்படி ஒரு மனுஷன் பக்கத்துல இருந்தா சுவாரஸ்யமா இருக்கும். ஆனா ஒரே பொருளைப் பத்து வருஷம் பிடிச்சுக்கிட்டு, விலையைக் குறைச்சு, கடை கடையா ஏத்தி இறக்குற வேலைக்கு வேற மாதிரி ஆள் தேவை. அந்த ஆள் அவர் பக்கத்துல பல சமயம் இல்ல. பாலசுந்தரம் நாயுடு இருந்த இடத்துல மோட்டார் ஜெயிச்சது. இல்லாத இடத்துல ஃபேன் தோத்தது. இது என்னோட கணிப்பு. நீங்க மாத்திச் சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

கல்வி விஷயத்துலயும் அதே அவசரம், அதே நியாயம். 1945-ல் அவரோட முயற்சியிலும் நன்கொடையிலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் காலேஜும் வந்தது. இன்னைக்கு ஜி.சி.டி-னு கோவைப் பசங்க சொல்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரியோட ஆரம்பம் அதுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவர் அதுக்குப் பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு தேவையில்ல, ரெண்டு வருஷம் போதும்ங்கிறது அவர் வாதம். மிச்ச ரெண்டு வருஷம் கை அழுக்காகணும்னு நினைச்சிருப்பார்போல. அன்றைய அரசு ஒத்துக்கல. அவர் விலகிட்டார்.

1944-லயே பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்புல இருந்து ஒதுங்கி, தொழிலாளிகளுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் உதவித் திட்டங்களை அறிவிச்சிருந்தார். 1967-ல் தொழிற்கண்காட்சி ஒண்ணை நிறுவினார். 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயசுல காலமானார். கோவை அவிநாசி ரோட்டுல போறவங்க அவர் பேர்ல இருக்குற கண்காட்சியைப் பார்க்கலாம். பழைய கார்கள் வரிசையா நிக்குற அருங்காட்சியகமும் பக்கத்துலயே இருக்கு. செல்ஃபி எடுக்க நல்ல இடம்தான். ஆனா மெஷின்களையும் ஒரு பார்வை பாருங்க.

அவர் போன பிறகு ஃபேன் எங்க வந்திருக்குன்னும் சொல்லிடறேன். 2023 ஜனவரியில இருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். பி.எல்.டி.சி மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் பக்கத்துல ஓடுது. இன்வெர்ட்டர்ல போட்டா ராத்திரி தாங்கும், சோலார் பேனல்ல ஓட்டலாம். சக்தியைக் குறை, பிளேடைச் சரிபண்ணு, கரன்ட் இல்லாத வீட்டுக்கும் காத்து கொண்டுபோ... நாயுடு விளக்கு வெளிச்சத்துல போட்ட அதே கணக்கு.

பட்டாசு ரூமுக்கு மட்டும் இந்தக் கணக்கு இன்னும் முடியல. மண்ணெண்ணெய் ஃபேனை அங்க நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது, அது நெருப்பு. பேட்டரி ஃபேனும் உள்ள போகக் கூடாது, அதுலயும் சுவிட்ச் இருக்கு. நெருப்பும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம், மருந்துத் தூசியைக் கிளப்பவும் கூடாது, ஆனா காத்து மட்டும் வரணும். கூரை உயரத்துலயும் ஜன்னல் இருக்குற திசையிலயும்தான் இப்போதைக்குப் பதில் தேடணும். 300 ரூபாய் மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் போட்ட மாதிரி ஒருத்தர் இந்த ரூமைப் பிரிச்சுப் பார்க்கணும்.

சித்தி மகன் அந்த ஃபேனை ஆர்டர் பண்ணிட்டான். ஹாலுக்கு. மறுநாள் விடியுறதுக்குள்ள ஆபீஸ் வேன் தெருமுனையில ஹாரன் அடிச்சது. சித்தி தூக்குவாளியையும், நனைச்சுப் பிழிஞ்ச ஒரு துண்டையும் எடுத்துக்கிட்டு ஏறிப் போனாங்க.